ஒன்பது முட்டை

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மலர் ஒன்று போட்டார்கள். வழவழ தாள். மூன்று பெரிய மனிதர்கள் தாங்கள் மேலே வந்த கதையை அதில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மாமா. சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். இன்னொருவர் விஞ்ஞானத்தைக் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று டெல்லியில் சர்க்காருக்கு யோசனை சொன்னவர். மூன்றாமவர் மாமாவின் மாமனார். கோழித் தீவன ஆலை முதலாளி. மூவரும் உழைப்பு என்றார்கள். நேர்மை என்றார்கள். கோழியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அது என் கோழி. அதனால் நான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அறுபதுகளின் தொடக்கம். நான் சின்னப் பெண். திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊர். கத்தரியும் தக்காளியும் போட்டிருந்தோம். என் கோழி சிவப்பு. பெருத்த உடம்பு. உட்கார்ந்தால் லேசில் எழும்பாது. முட்டை விடுவதை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது.

"ஞாயித்துக்கெழம இது கொழம்புச் சட்டியில" என்றாள் அம்மா.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் தவிட்டுக் கூடையிலிருந்து மூன்று முட்டை எடுத்து வந்து கோழிக்கு அடியில் வைத்தேன். ஒன்றே போதும்தான். பயத்தில் மூன்று வைத்தேன்.

"அடி ஆத்தி, ஒரே நாள்ல மூணு!" என்று அம்மா கத்தினாள்.

அதற்குப் பிறகு குறைக்க முடியவில்லை. தினமும் மூன்று வைத்தேன். பெரியம்மா கீரிப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஓடவில்லை. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்குப் போனார். பதினோராம் நாள் முதலாளியின் பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டார். பிறகு சைக்கிளில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார். பத்திரிகைக்காரர்கள் அவரையே பகுதி நேர நிருபராகவும் ஆக்கிவிட்டார்கள். வாரம் தவறாமல் எழுதி அனுப்புவார். ஒன்றும் அச்சில் வராது. அவர்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் ஒன்றும் நடக்காது.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர் ஒருவரின் பெண்ணைக் கேட்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் விவரமானவர்.

"நிருபர்னு சொல்றீங்க. நீங்க எழுதுனது ஒண்ணு அச்சுல வரட்டுங்க. பொறவு பேசலாமுங்க" என்றார். தை பிறந்தால் வேறு இடம் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார். மார்கழி பாதி போய்விட்டது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் என் கோழியைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

நாலாம் நாள் அச்சில் வந்தது. நான்கு வரி. தினம் மூன்று முட்டை இடும் அதிசயக் கோழி. மாமா அதை எடுத்துக்கொண்டு ஆயக்குடி வரைக்கும் சைக்கிளிலேயே போய்வந்தார். ஊர்ச் சனமெல்லாம் கோழியைப் பார்க்க வந்தது. யாரோ அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. பிளாக் ஆபீசிலிருந்து ஒரு சின்ன வயசு ஆபீசர். செய்தியைப் படித்த அன்றைக்கே, கோழியைக் கண்ணால் பார்க்காமலே, தன் வட்டாரத்தில் புது ரகம் கண்டுபிடித்திருப்பதாக மெட்ராசுக்கு எழுதிவிட்டாராம். நேரில் சோதித்து அறிக்கை அனுப்பு என்று பதில் வந்திருந்தது.

"மூணு முட்டை விடலைன்னா என்ன சார் ஆகும்?" என்றார் மாமா.

"பேப்பர்ல மறுப்புப் போடச் சொல்வாங்க. உங்க நிருபர் வேலை போகும். எனக்கு எந்த மலைக்கு மாத்தலோ" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார் ஆபீசர்.

அவர் போனதும் மாமாவிடம் மெல்லச் சொன்னேன். "மாமா, அது வீட்லதான் விடும். ஆபீஸ்ல விடாது."

மாமா என்னையே பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் போனார்.

சோதனை அன்று கோழியை நான்தான் தூக்கிப் போனேன். ஆபீசில் ஓர் அறையில் வைக்கோல் பரப்பிப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டார்கள். கோழி உட்கார்ந்தது. காலை முதல் பஸ்ஸிலேயே பெண்ணைப் பெற்ற ஆயக்குடிக்காரர் வந்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டுச் சாட்சியாக உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்குத் திறப்பது என்று பேச்சு.

"கோழிக்கு எரை போடணும்" என்று முதலில் நான் போனேன். பாவாடை மடியில் மூன்று இருந்தது. அடியில் தள்ளினேன். கோழி கையைக் கொத்தியது.

"குறிப்பு எடுக்கணும்" என்று மாமா போனார். தோளில் பை. வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"சூடு பாக்கணும்" என்று ஆபீசர் போனார். ஆபீசுக்குப் பின்னால் சர்க்கார் கோழிக் கொட்டகை இருந்தது. வெள்ளைச் சீமைக் கோழிகள். அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். திரும்பும்போது சீட்டி அடித்தார்.

ஆயக்குடிக்காரர் எழுந்திருக்கவே இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு அவரே பஞ்சாரத்தை எடுத்தார். கோழியைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். குனிந்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"ஒம்போதுங்க."

மாமா ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் மாமாவைப் பார்த்தார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஆயக்குடிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்று நல்ல வெள்ளை. பெரிசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். இன்னொன்றில் பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது. உரித்து, தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"ஏனுங்க மாப்ளே, கோழி தலையங்கமெல்லாம் படிக்குமாட்டம் இருக்குதுங்க."

மாமா பையைப் பின்னால் மறைத்தார்.

இன்னொன்றில் தவிடு. ஊதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார் ஆபீசரிடம்.

"என்னன்னு எழுத?"

"மூணுன்னு எழுதுங்க. ஒம்போதுன்னா மெட்ராசுல நம்ப மாட்டாங்க."

ஆபீசர் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் ஆயக்குடிக்காரர் கொஞ்சம் நிதானித்தார்.

"தோப்புல கோழி வளக்கறதுக்கு சர்க்கார்ல ஏதோ திட்டம் இருக்குதாமே சார்? நம்மளுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"தாராளமா" என்றார் ஆபீசர்.

அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். மாமாவின் தோளில் தட்டினார். "பொழச்சுக்குவீங்க மாப்ளே. பொண்ணு உங்களுக்குத்தானுங்க."

தையில் கல்யாணம் நடந்தது. அறிக்கை மெட்ராஸ் போனது. வருசம் திரும்புவதற்குள் ஆபீசரும் அதன் பின்னாலேயே போனார். அங்கிருந்து டெல்லி. மாமாவைப் பத்திரிகையில் முழுநேரம் எடுத்துக்கொண்டார்கள். கொய்யாத் தோப்பில் பண்ணை வந்தது. பிறகு ஆலை. கோழியை அம்மா தொடவில்லை. சர்க்கார் முத்திரை விழுந்த கோழியை யார் அறுப்பார்கள்? வயசாகிச் செத்தது. அதற்குள் ஒரு முட்டைகூட விடவில்லை.

அதெல்லாம் பின்னால்.

அன்று சாயங்காலம் கோழியை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மாமா முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். மொத்தம் ஒன்பது. நான் வைத்தது மூன்று. அப்படியானால் மிச்சம் ஆறும் கோழி விட்டது.

ஆறு விடுகிற கோழியை நம்பாமல் இத்தனை நாள் திருடினேனே என்று வெட்கமாக இருந்தது. ஊர் வரும்வரைக்கும் அதன் காதில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.