வெளிப்பக்கம் புடைத்த தகடு

என் கையால் செய்த வேலைகளில் எது மிக நன்றாக வந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பிடிக்காது.

எண்பதுகளின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் டென்டராக இருந்தேன். மோதி நசுங்கிய வண்டிகளின் தகட்டைத் தட்டி நேராக்கும் வேலை. அங்கே ஒரு ஆகஸ்டில் பழைய கேரவன் ஒன்று வந்தது. பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு. முழுக்க அலுமினியம், மூலைகளே இல்லாமல் உருண்டிருந்தது. எண்ணெய் தேட வந்த அமெரிக்கர்கள் விட்டுப்போனது என்றார்கள். ஒரு கட்டுமானக் கம்பெனி அதைப் பாலைவனத்து சைட்டில் சமையலறையாக வைத்திருந்தது. வரும் குளிர்காலத்தில் குடும்பத்தோடு வெளியே தங்கப் போக, கம்பெனியின் அரபி முதலாளி அதைத் திரும்பக் கேட்டிருந்தார்.

கொண்டுவந்தவர் அந்த சைட்டின் சூப்பர்வைசர். குமரிக் கடற்கரைக்காரர், என் ஊரிலிருந்து இரண்டு கடற்கரை தள்ளி. வெள்ளிக்கிழமைகளில் ஜெபத்தில் எனக்கு முன்வரிசையில் நிற்பவர்.

“ஒட்டகம் ஒதச்சுப்போட்டு மக்கா. பத்து நாளுல மொதலாளிக்குக் குடுக்கணும். பாத்து நல்லாச் செய்யி,” என்றார்.

அவர் போனபின் கதவுக்குப் பக்கத்துத் தகட்டைத் தடவிப் பார்த்தேன். ஒட்டகம் உதைத்தால் தகடு உள்ளே போகும். இது வெளியே புடைத்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல, முப்பதுக்கு மேல். பிறை வடிவத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக. உள்ளே ஏறிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் உட்பலகை எப்போதோ மக்கிப்போய் உரிக்கப்பட்டிருந்ததால் வெறும் தகடுதான் இருந்தது. அடிகள் தோள் உயரத்தில் தொடங்கி, கீழே வர வர ஆழம் குறைந்து, கடைசிச் சில முழங்கால் உயரத்தில் இருந்தன.

உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ அடித்திருக்கிறான், கடைசியில் உட்கார்ந்துகொண்டு அடித்திருக்கிறான் என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்தும் தட்டுவதற்குச் சுத்தியலை எடுத்து வைத்தேன். நமக்கென்ன என்ற நினைப்புதான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை, கராஜில் யாரும் இல்லை. நான் மட்டும் ஒரு பிக்கப்பின் கதவை முடித்துக்கொண்டிருந்தேன். அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், என்னைவிடச் சின்னவர். இலங்கை மலைநாட்டுக்காரர். கேரவனில் சமையல் செய்தவர் தான்தான் என்றும், உட்காரும் பெட்டிக்கு அடியில் தன் பை இருக்கிறது என்றும் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போகவில்லை. தகட்டைப் பார்த்தபடி நின்றார்.

“இது எதால அடிச்சது?” என்று கேட்டேன்.

“தோசக் கல்லாலண்ணே.”

பிறகு சொன்னார். சைட்டில் அரிசி மூட்டை ஒன்று குறைந்ததாம். அன்றிலிருந்து சூப்பர்வைசர் டவுனுக்குப் போகும்போதெல்லாம் இவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். ஏசி ஓடும், ஒன்றும் ஆகாது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஆட்கள் எல்லோரும் ரோடு போடத் தூரமாகப் போயிருந்தார்கள். ஜன்னல்களுக்கு வெளியே கம்பி அடித்திருந்தது.

“தண்ணி இருந்திச்சு, ஆனா குடிக்க ஏலாத சூடு. அஞ்சு மணிக்குத்தான் வந்து தொறந்தாரு. நான் பேச்சு மூச்சில்லாம கெடந்தேன். முழிச்சதும் அவரு கேட்ட மொதக் கேள்வி, ஏன்டா தகட்ட ஒடச்சேன்னு.”

இப்போது அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அரிசியைத் திருடினான் என்று ஊருக்கு அனுப்ப ஏற்பாடு. தன்னைப் பூட்டி வைத்ததை அவர் லேபர் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார். ஓர் அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

“அண்ணே, தட்ட வேணாம். இந்தத் தகட்ட மட்டும் கழட்டி வச்சிட்டுப் புதுசு போட ஏலுமா? அவங்க வந்து பாக்கிற வரைக்கும் வச்சிருந்தாப் போதும்.”

முடியும். அது ஒன்றும் பெரிய வேலையில்லை. ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்தால் தகடு தனியே வந்துவிடும். புதுத் தகடு துபாயில் தேரா கடைத்தெருவில் கிடைக்கும். பழையதை ஷெட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். “சரி, கழட்டி வைக்கேன். நீங்க போங்க,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தார். சமையல்காரன் இங்கே வந்துபோனது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

“தகட்ட மாத்தாண்டாம். தட்டியே எடு. ஒனக்க கைக்கு அது ஒரு வேலையா?” பிறகு சாதாரணமாகக் கேட்டார், “ஒனக்க தம்பி இன்னும் சும்மாத்தான் நிக்கானா? பாஸ்போர்ட் காப்பி குடு. எங்க கம்பெனியில விசா வருது.”

தம்பி மூன்று வருடமாக விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தான். நான் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. டீ ஆறுவதற்குள் தலையாட்டிவிட்டேன்.

நான்கு நாள் தட்டினேன். அலுமினியம் இரும்பு மாதிரி அல்ல, அவசரப்பட்டால் விண்டுவிடும். தகட்டில் சோப்பைத் தேய்த்துத் தீ காட்டினேன். சோப்பு கறுத்ததும் நிறுத்தினேன். தகடு இளகியதும், உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே மரச்சுத்தியால் மெல்லமெல்ல ஒவ்வொரு பிறையாக அழித்தேன். முழங்கால் உயரத்தில் இருந்தவை எளிதில் போய்விட்டன. பிறகு பாலிஷ். முகம் பார்க்கலாம் போல இருந்தது. கராஜில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

லேபர் ஆபீஸ் அதிகாரி சமையல்காரரோடு கராஜுக்கு வந்தார். நல்ல மனிதர். வெயிலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உள்ளே ஏறியும் பார்த்தார். சமையல்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதிகாரி என்னிடம் இந்தியில் கேட்டார், இந்த இடத்தில் அடி ஏதாவது இருந்ததா என்று.

“மாஃபி,” என்றேன். அரபியில் ‘இல்லை’.

சமையல்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அருகில் வந்து தகட்டில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். “நல்ல வேலக்காரன்ணே நீங்க,” என்றார். கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த மாதமே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசா வராமல் போயிருந்தால் நான் ஏமாந்தவன் என்றாவது சொல்லிக்கொண்டிருப்பேன். வந்தது. தம்பி வந்தான், உழைத்தான், வீடு கட்டினான். அவன் கல்யாணத்துக்கு சூப்பர்வைசரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தான். மேடையில் அவர் காலைத் தொட்டான். பந்தியில் அவருக்கு இலை போட்டது நான். மீன் குழம்பு கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். ஊற்றினேன்.