டிராகனைக் கொன்ற ஸ்டேட்டஸ்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பழைய மாயாஜால நாவல் ஒன்றை வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்துப் பேசுகிறோம். முன்னால் படித்தவர்கள் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பதில் கண்டிப்பு. எனக்கு ஏது பொறுமை? முழுவதையும் படித்துவிட்டேன். குழுவில் வாயைத் திறக்கவில்லை. ஆனால், "கிழட்டு டிராகன் செத்துப்போச்சே!" என்று அழுகிற பொம்மையோடு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டேன்.

அதைப் பார்த்துவிட்டு, குழுவில் இருக்கும் ஏரியூர் மகேஸ்வரி போன் செய்தார். கால் முறிந்து படுத்திருக்கும் கணவருக்கு அவர்தான் நாவலைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்.

"அவருக்கு அந்த டிராகன்னா உசுருங்க. நான் எதுவும் சொல்லலீங்க. ஆனா இனிமே எப்படிங்க வாசிப்பேன்?"

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அந்த அத்தியாயம் வந்த வாரம், குழுவில் அவருடைய வாய்ஸ் மெசேஜ்: "டிராகன் நல்லா பறந்துட்டிருக்கிற இடத்துலயே என் குரல் கம்மிப்போச்சுங்க. அவரு என் மூஞ்சியப் பாத்துட்டு, 'போதும், புஸ்தகத்த மூடு'ன்னுட்டாருங்க."

என் பெயரை அவர் சொல்லவே இல்லை. அதுதான் இன்னும் கூசுகிறது.

இப்போது அடுத்த நாவலில், குழு நிற்கும் பக்கத்திலேயே நானும் நிற்கிறேன். ஸ்டேட்டஸில் வாசல் கோலம் மட்டும்தான்.

– தேவி, அரூர்