காந்தம் ஒட்டாத கார்

இன்று சின்னமனூரில், மேகமலை எஸ்டேட் துரையிடம் வாங்கிய பழைய காரின் பெயிண்டை உரிக்க ஒரு வாளி காஸ்டிக் சோடா கரைத்தேன். வீட்டுக் கதவுக்கெல்லாம் அதைத்தானே பூசுகிறோம்!

பெயிண்டர் அந்தோணி தடுத்தார்.

"பொறுங்கண்ணே."

காரின் கதவில் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது.

"சில காரை அலுமினியத்துல கட்டுறாக. சோடா பட்டா கதவையே தின்னுப்புடும்."

"கதை விடாதப்பா" என்றேன்.

பக்கத்தில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த அலுமினியத் தாளைக் கிழித்து வாளியில் போட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. சற்று நேரத்தில் தாளையே காணோம்!

வாளியைக் காரைவிட்டுத் தள்ளி வைத்தேன்.

பிறகு டின்னில் இருந்த பெயிண்ட் ரிமூவரைப் பூசினார். கறுப்புப் பெயிண்ட் பாம்புச் சட்டைபோலக் கழன்றது. உள்ளே கார் வெள்ளியாய் மின்னியது.

சோடா வாளி அப்படியே இருக்கிறது. மரக்கதவு உள்ளவர்கள் வந்து வாங்கிப் போங்கள். அலுமினியச் சட்டியோடு மட்டும் வந்துவிடாதீர்கள்.