வெயில் ஏறும்வரை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் மதிலோரம் நிற்கிறேன். மழைக்காலத்துக்கு முன் மேற்கு மலைகளை நோக்கிப் போகும் நீலக்கோட்டுப் பட்டாம்பூச்சிகள் இங்கே கிலுகிலுப்பைச் செடிகளில் இறங்கியிருக்கின்றன. அவற்றை எண்ணத்தான் விடியற்காலை ரயிலேறி வந்தேன். இருபதைத் தாண்டுவதற்குள் செல்வி என்ற ஒப்பந்தத் தொழிலாளி அரிவாளோடு வந்துவிடுகிறார். பெரிய அதிகாரி வருகிறாராம், மதிலோரம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

செல்வியின் சூப்பர்வைசரிடம் போனில் கெஞ்சுகிறேன்.

"பூச்சிக்கோசரம் வேலைய நிறுத்த சொல்றியா சார்? பேஜாரு பண்ணாத," என்று வைத்துவிடுகிறார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நாளைக்கு வெட்டினா குடியா முழுகிடும்?" என்று செல்வியிடம் கத்துகிறேன்.

"என்னாண்ட கத்தி இன்னா சார் ஆவப்போது? நானா வெட்ட சொன்னேன்?" அவர் செடியைப் பார்க்கிறார். "இதுங்க எப்போ கெளம்பும்?"

"வெயில் ஏறினா கிளம்பிடும்."

செல்வி அரிவாளைக் கீழே வைக்கிறார். "நான் இன்னும் நாஷ்டாவே துன்னல," என்று மதில் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார். இரண்டே இட்லி. அதை இவ்வளவு மெதுவாகச் சாப்பிடும் ஆளை நான் பார்த்ததில்லை.