அன்ரன் அண்ணையோடு ஒரு குதிரைவீரரைப் பார்க்கப் போனது

"மாஸ்டர், செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாயைப் பாக்க ஆரும் பஸ் ஏறிப் போவினமே?"

புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் இந்த நகரத்தின் வோபர்ன் பகுதியில் என் கட்டடத்திலேயே குடியிருக்கும் அன்ரன் அண்ணை போன வசந்தத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. சரித்திரம் படிப்பித்தவனுக்குப் பழைய கல்லறைகளைத் தேடிப் போவது ஒரு பொழுதுபோக்கு என்று சொல்லி, அவரையும் கூட வரச் சொன்னேன். அவர் வீட்டுக்குள் இருந்து குமைந்துகொண்டிருந்த கிழமை அது. அவருடைய மகள் ஷெரின் இங்குள்ள பகுதிநேரக் குதிரைப்படை ஒன்றில் சேர்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உறுதிமொழி எடுக்கும் நிகழ்வு. மன்னாரில் போருக்குத் தம்பியைப் பறிகொடுத்த அண்ணை, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மகளோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். கென்னடி நிலையம் வரை பஸ், பிறகு சப்வே ரயில். ஷேர்போர்னில் இறங்கி, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குப் பத்து நிமிட நடை. எல்லாமாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

வழியில் அந்த வீரரின் கதையைச் சொன்னேன். இந்த நகரத்தில் சேணம் தைப்பவர் ஒருவரின் மகன். கடல் கடந்து போய்ப் பிரித்தானியக் குதிரைப்படையில் சேர்ந்தார். ஒரு போரில் வீரப் பதக்கம் பெற்றார். திரும்பி வந்து, மிச்சக் காலம் யங் வீதியில் குதிரை ட்ராம் ஓட்டினார்.

"பதக்கம் இருந்தும் கடைசியில என்னை மாதிரி ட்ரைவர்தான்," என்றார் அண்ணை. அவர் நெடுங்காலம் டாக்சி ஓட்டியவர். சிரித்துவிட்டு, "எத்தினை பேரைக் கொன்றதுக்குக் குடுத்தவங்கள்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. நூலகத்தில் வாசித்த குறிப்பில் அது இல்லை.

கல் சிறியது. பெயரும் படைப்பிரிவும் தெரிந்தன. அடியில் ஒரு வரி தேய்ந்திருந்தது. கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தபோது எழுத்துகள் நிழலாக எழும்பின. விழுந்து கிடந்த தோழனைத் தூக்கிவரத் தனியே குதிரையைத் திருப்பிப் போனவர் என்று ஆங்கிலத்தில் இருந்தது. 401 நெடுஞ்சாலையில் எல்லா வாகனமும் ஒரு பக்கம் ஓட, நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். அப்படியான செயல்.

அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். "என்ரை தம்பிக்கு ஒருத்தரும் திரும்பி வரேல்லை, மாஸ்டர்," என்றார். நான் கைபேசி வெளிச்சத்தை அணைத்தேன்.

சற்றுத் தள்ளிப் போய் மகளை அழைத்தார்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு? ... ஓம், வாறன். ஆனா கை தட்டமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

மறுநாள் போனார். சொன்னபடி கை தட்டவில்லை என்று ஷெரின் பிறகு என்னிடம் சொன்னாள். நிகழ்வு முடியும்வரை அவர் உட்காரவும் இல்லையாம்.

போக நினைப்பவர்களுக்கு: கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஒரு ரிக்கட் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும் என்பதால் போகும் வழிக்கு ஒன்றே போதும். மழை பெய்தால் புல் வழுக்கும். நல்ல சப்பாத்து வேண்டும். தேய்ந்த கல் எதிர்ப்பட்டால், கைபேசி வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து பிடித்துக் கடைசி வரி வரை வாசியுங்கள்.