தேனீ நிபுணராக நான் இருந்த பதினொரு நாட்கள்

நான் வேலை செய்யும் நோர்வேப் பல்கலைக்கழகத்தில், கோடைகாலம் முழுவதும் காலை எட்டு மணிக்கு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வரும். 'இன்று தேனீக்கள் சற்றுப் பதற்றமாக இருக்கின்றன, தோட்டப் பக்கம் மெதுவாக நடக்கவும்.' வளாகத்தின் பின்பக்கத்தில், மாணவர்கள் படிக்கவும் ஊர்மக்கள் வந்து பழகவும் என்று ஒரு தோட்டமும் ஆறு தேன்பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ராணித் தேனீக்கும் ஒரு பெயர். பதினேழு வருடமாக அங்கே புல் வெட்டிப் பனி வழிக்கும் எனக்கும் ஒரு பெயர் உண்டு. நீளமாக இருக்கிறதென்று முதல் நான்கு எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். நான் என்றைக்குப் பதற்றமாக இருந்தேன் என்று இதுவரை யாருக்கும் மின்னஞ்சல் போனதாகத் தெரியவில்லை.

தோட்டத்துக்குப் பொறுப்பான இங்கிரிட் நல்ல மனுசி. உங்கள் ஊரில் தேனீ உண்டா என்று ஒருநாள் கேட்டாள். சின்ன வயதில் தேனீ துரத்த ஓடியிருக்கிறேன் என்றேன். என்னுடைய நோர்வேஜிய மொழியில் அது, தேனீ வளர்த்திருக்கிறேன் என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரமே எனக்கு வெள்ளை உடுப்பும் வலைத்தொப்பியும் போட்டு, பெட்டி தூக்க விட்டாள். அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டதுதான் நான் செய்த ஒரே ஆராய்ச்சி.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது. அங்கேயும் ஒரு தோட்டம் தொடங்குகிறார்களாம், தேனீயும் வளர்க்கப் போகிறார்களாம், பக்கத்து வட்டக்கச்சியில் பிறந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இருப்பது இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டதாம். மறுத்திருக்கலாம். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக யாரும் என்னிடம் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்டதில்லை. பெரிய தேன்பெட்டி ஒன்றைப் பலகை பலகையாகக் கழற்றிப் பயணப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

தோட்டத்து வாசலில் மூன்று மொழியில் ஒரு பலகை நின்றது: 'கற்றலுக்கும் சமூக ஈடுபாட்டுக்குமான தோட்டம்.' அதற்குக் கீழே காவலாளி ஒருவர். சமூகம் உள்ளே போவதென்றால் அடையாள அட்டையைக் கொடுத்து, வந்த காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வந்த காரணம் என்ற இடத்தில் 'ஈடுபாடு' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை.

உள்ளே பயிற்றைக் கொடிப் பந்தலுக்குக் கீழே காமாட்சி நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜெயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அந்தத் தோட்டத்தைக் கொத்தி, தண்ணீர் விட்டு, கூட்டிப் பெருக்குபவர். தகப்பன் கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். அந்த வளாகத்துக்கு இருந்த ஒரே தேனீக் கூட்டத்தையும் காமாட்சிதான் கொண்டுவந்திருந்தார். வேப்பங்கொப்பில் திரண்டிருந்ததை வெறுங்கையால் வழித்து ஒரு மண்பானைக்குள் விட்டிருந்தார். பானையின் வாயை ஓலையால் மூடி, ஒரு விரல் போகும் அளவுக்கு ஓட்டை. நான் வெள்ளை உடுப்போடும் தொப்பியோடும் கையுறையோடும் அந்தப் பானைக்குப் பத்தடி தள்ளி நின்று வணக்கம் சொன்னேன்.

பானையிலிருந்து என்னுடைய பெட்டிக்குத் தேனீக்களை மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டேன். காமாட்சி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணை, இது எங்கட தேனீக்குப் பெரிசு. சின்னப் பூச்சியள், ராவில குஞ்சுக்குச் சூடு பிடிச்சு வைக்க ஏலாது. பானையிலயே விடுங்கோவன்."

நவீன முறை என்று ஏதோ சொன்னேன். அங்கே நின்ற மாணவிகள் குறிப்பெடுத்தார்கள். மாலையில் காமாட்சியே வெறுங்கையால் கூட்டத்தை மாற்றித் தந்தார்.

எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம் இருந்தது. வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்கு அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, வந்த மலைநாட்டு ஆட்களுக்கு, எங்கள் குசினியில் தேத்தண்ணிக்குத் தனிக் கோப்பைகள் இருந்தன. அவை அலுமாரிக்கு வெளியே, விறகுக்குப் பக்கத்தில் கவிழ்த்துக் கிடக்கும். அதை எடுத்துக் கொடுப்பது என்னுடைய வேலை. சமூக ஈடுபாடு என்றால் என்னவென்று எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்று மொழியில் பலகை எழுத ஆளில்லாததுதான் காரணமாக இருக்க வேண்டும். பிறகு நோர்வேயில், வேலையிடத்துக் குசினியில் என் கறிவாசத்துக்குத் தனி மூலை ஒதுக்கினார்கள். அதை இனவாதம் என்று நான் மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன்.

திறப்புவிழா நல்ல வெயிலில் நடந்தது. வளாகப் பொறுப்பதிகாரி படம் எடுக்க வேண்டுமென்று கேட்டார், பெட்டி மூடியைத் திறந்தேன். பிரதம விருந்தினர் வந்தார், மறுபடி திறந்தேன். அவருடைய மனைவிக்குத் தெரியவில்லை என்றார்கள், மூன்றாம் முறையும் திறந்தேன். படத்தில் எல்லோரும் இருக்கிறோம். காமாட்சி அப்போது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெட்டி வெறுமையாக இருந்தது. பாதி கட்டிய இரண்டு தேனடையும் சில எறும்புகளும் மட்டும். பொறுப்பதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு குழு பார்வையிட வருகிறது. வேலிப்பக்கம் சருகு கொளுத்திய அடையாளம் கிடந்தது. முதல்நாள் விழாக் குப்பையைக் காமாட்சி அங்கேதான் எரித்திருந்தார். புகைக்குத்தான் கூட்டம் போய்விட்டது என்று முடிவாயிற்று. அவர் நாட்கூலிக்கு வருபவர், கடிதம் கூடத் தேவையில்லை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னால் போதும். காமாட்சி பாத்தியிலிருந்த தன் மண்வெட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினார். மெதுவாக, கைப்பிடி வரை கழுவினார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

நான் பொறுப்பதிகாரியின் அறைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். பெட்டி அளவு பிழை, அவர் சொல்லியும் நான் கேட்கவில்லை, உச்சி வெயிலில் மூன்று தரம் திறந்ததும் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை.

"தம்பி, நான் அங்க தேனீ நிபுணர் இல்லை. புல்லு வெட்டுறனான்."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார்.

"பார்த்தீங்களோ, வெளியில இருக்கிற ஆக்களின்ர பணிவை. ஒரு கூலிக்காரிக்காகத் தன்னையே குறைச்சுக் கதைக்கிறார்."

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. புல் வெட்டுபவன் விமானத்தில் பெட்டி கொண்டுவருவானா என்பது அவருடைய கணக்கு. உண்மை அந்த அறையில் எடுபடாது என்று தெரிந்ததும், பொய்யிடம் போனேன். ஒரு தாள் கேட்டு வாங்கி, ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். இந்த இனத் தேனீ பருவத்துக்கு ஏற்ப இடம்பெயரும், இதில் யாருடைய தவறும் இல்லை, மீண்டும் கூட்டம் சேர்க்க உள்ளூர் அனுபவமுள்ள இந்தப் பணியாளர் அவசியம். கீழே 'சர்வதேசத் தேனீ ஆலோசகர், நோர்வே' என்று கையெழுத்து. அதை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். காமாட்சியின் வேலை தப்பியது. நோர்வேஜிய மொழியில் புல் வெட்டுபவன் என்று எழுத்துப்பிழை இல்லாமல் எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நிபுணர் ஆவதற்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

போகும் நாளில் காமாட்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசலடியில் நின்று, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி கேட்டார்.

"வேலை இருக்கட்டும் அண்ணை. ஆனா நான் அண்டைக்குச் சொன்னது சரியெண்டு அந்தப் பேப்பரில எழுதினீங்களோ?"

எழுதவில்லை. ஆலோசகர் பிழைவிட்டதாக ஆலோசகரே எழுதினால் அறிக்கை செல்லாது என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. இல்லை என்று தலையசைத்தேன். அவர் கோபிக்கவில்லை. ரெலிபோன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

தை மாதம், வளாகத்தில் பனி வழித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. புதுக் கூட்டம் ஒன்று பிடித்துப் பானையில் விட்டிருக்கிறாராம். கேளுங்கோ என்று சொல்லி ரெலிபோனைப் பானை வாயில் பிடித்தார். தொப்பியை ஒரு பக்கம் உயர்த்தி ரெலிபோனைக் காதில் வைத்தேன். வலது காதுக்குள் கிளிநொச்சியின் மத்தியானம் இரைந்தது, இடது காதில் பனி வழிக்கும் இயந்திரம். அந்த வழியால் வந்த இங்கிரிட், என் கையிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்டு நின்றாள். லைன் பழுதா என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

தமிழில் சொன்ன அந்த ஆமாம் அவளுக்கு விளங்கவில்லை. மற்றப் பக்கத்திலிருந்த காமாட்சி தன்னிடம்தான் சொல்கிறேன் என்று எண்ணி, "கேக்குதோ அண்ணை?" என்றார்.