ட்றைவர் அண்ணை பார்த்த முட்டைகள்

ஜீப்பின் பக்கக் கண்ணாடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கொடிகாமத்து வெயிலில் நான் நிற்கிறேன். கண்ணாடியில் பட்ட சூரியன் எதிரிலிருக்கும் தீவனக் களஞ்சியத்தின் யன்னல் பலகையில் போய் விழுகிறது. அந்தப் பலகையில் கோழிமுட்டையை விடச் சற்றுச் சிறிதாக ஒரு துவாரம். கதவும் யன்னலும் சாத்திய அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது. “இன்னும் கொஞ்சம் வலக்கைப் பக்கம், டொக்டர்… ஆ, நில்லுங்கோ. உசிர் இருக்கு. ஓடித் திரியிறார் ஆள்.” டொக்டர் வெளியே நின்று கண்ணாடி பிடிக்க, ட்றைவர் உள்ளே இருந்து முட்டை பார்த்த அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் வேறொன்றும் வந்துவிடும்.

நான் கண்டியில் மிருக வைத்தியம் படித்து முடித்து ஊர் திரும்பியபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. பொருளாதாரத் தடை வந்து டீசல், பற்றறி, சவர்க்காரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்தன. கொடிகாமத்து மிருக வைத்திய அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தவை ஒரு மேசை, ஒரு அலுமாரி, மரக்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்த ஒரு ஜீப், அதற்கு ஒரு ட்றைவர். ஓடாத ஜீப்பை அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவினார். “ஓடாத வாகனத்தை ஏன் அண்ணை கழுவுறீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன். “ஓடேல்லை எண்டு அதுக்கும் தெரியக்கூடாது,” என்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உயரமான மனிதர். சாரத்துக்கு மேல் எப்போதும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். அலுவலகத்தில் எல்லோரும் அழைத்ததைப்போல் நானும் ட்றைவர் அண்ணை என்றே அழைத்தேன்.

அந்த வருடம் எங்கள் தென்மராட்சிப் பகுதிக் கோழிகளுக்கு இராணிக்கெட் நோய் வந்தது. காலையில் இரை பொறுக்கிய கோழி மாலையில் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடக்கும். இரண்டு நாளில் வீட்டு வளவு வெறுமையாகிவிடும். மீன்பிடிக்கத் தடை, மாவுக்குத் தட்டுப்பாடு என்றிருந்த அந்த நாட்களில் பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சத்தாக இருந்தது அந்த நாலு கோழியின் முட்டைதான். இறந்த கோழியைப் பனையோலைப் பெட்டியில் வைத்து அலுவலக வாசலுக்குக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களை நான் மறக்கவில்லை. தடுப்புமருந்து கொழும்பிலிருந்து வரவேண்டும். ஆஸ்பத்திரி மருந்துகளோடு கப்பலில் வந்த சில சிறு குப்பிகள் மட்டும் ஆஸ்பத்திரியின் மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியில் இருந்தன. ஒரு தெருவுக்கே அவை போதாது.

ஆனால் அந்த மருந்துக்குள் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள கிருமி. கரு வளரும் முட்டைக்குள் அதைச் செலுத்தினால் அது பெருகும். நாலு நாள் கழித்து முட்டைக்குள்ளிருக்கும் நீரை எடுத்தால், ஒரு முட்டையின் நீர் ஒரு ஊர்க் கோழிகளுக்கே போதும். பல்கலைக்கழகத்தில் இதை நான் கையால் செய்திருக்கிறேன். அங்கே மின்விளக்கும் முட்டைக்குச் சூடு கொடுக்கும் மின்சார அடைபெட்டியும் இருந்தன. இங்கே முட்டைக்குள் கரு உயிரோடிருக்கிறதா, இரத்த நாளங்கள் எங்கே ஓடுகின்றன, ஊசி எந்த இடத்தில் இறங்கவேண்டும் என்று பார்ப்பதற்கு வெளிச்சமே இல்லை. குப்பி விளக்கில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் கலங்கலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“வெளிச்சம்தானே வேணும்? உந்தா மேலை கிடக்குது,” என்று வானத்தைக் காட்டியவர் ட்றைவர் அண்ணைதான். அடுத்த நாள் வந்தபோது ஜீப்புக்கு ஒரு கண் இல்லை. முன்விளக்கின் வெள்ளிக் கிண்ணத்தைக் கழற்றி யன்னலுக்கு வெளியே சூரியனுக்கு நேரே கட்டிவைத்திருந்தார். யன்னல் பலகையில் துவாரம் வெட்டி, முட்டை உடையாமலிருக்க சைக்கிள் ரியூப் துண்டொன்றை வளையமாக ஒட்டியுமிருந்தார். கிண்ணம் குவித்த வெளிச்சம் அருமையாக இருந்தது. ஒரு நிமிடத்தில் முட்டையின் வாசனையும் அருமையாக வந்தது. அவித்துவிட்டோம். அவர் முட்டையைக் கையில் உருட்டிப் பார்த்து, “இவரைக் கொண்டிட்டன், டொக்டர்,” என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. அந்த முட்டையை வேலியோரம் குழி தோண்டித் தாட்டுவிட்டு வந்துதான், கிண்ணத்துக்குப் பதிலாகப் பக்கக் கண்ணாடியைக் கழற்றினார்.

முதலில் நான்தான் உள்ளே இருந்து பார்த்தேன். ஊர்க்கோழி முட்டையின் ஓடு மங்கல் நிறம். வெள்ளை முட்டைபோல் எளிதில் காட்டித்தராது. நான் தயங்கிய முட்டைகளை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பார்வையில் சொன்னார். பிறகு உடைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பூவரசமிலையை வெயிலுக்குப் பிடித்தால் தெரியும் நரம்புபோல, சிவந்த நாளங்கள் ஓட்டின் உட்புறம் முழுக்கப் படர்ந்திருக்கும். நடுவே ஒரு கறுத்த பொட்டு, அது கண். வெளிச்சம் பட்டதும் அது விலகி நீந்தும். நாளம் இல்லாத இடமாகப் பார்த்து அவர் பென்சிலால் ஒரு சிறு புள்ளடி போடுவார். அந்தப் புள்ளடியில்தான் நான் ஊசி ஏற்றவேண்டும். மூன்றாம் நாளே இடம் மாறிக்கொண்டோம். சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பும் வேலை எனக்கு வந்தது.

வெயிலில் மின்னும் கண்ணாடி மேலே விமானத்தில் போகிறவனுக்கும் தெரியும். அதற்காகப் பக்கத்தில் ஒரு சாக்கு வைத்திருந்தோம். ஒருநாள் பொம்பர் வந்த சத்தம் கேட்டது. கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். களஞ்சியக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தவர் முதலில் கண்ணாடியைச் சாக்கால் மூடினார். பிறகுதான் என்னை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. மண் உதிர்ந்து அடங்கிய பிறகு பார்த்தால், அவருடைய கை சட்டைக்குள் இருந்தது. “காயமோ அண்ணை?” என்று பதறினேன். கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் ஒரு முட்டை. “பார்த்துக்கொண்டிருக்கேக்கை சத்தம் கேட்டுது. வைக்க நேரமில்லை,” என்றார்.

முதல் மருந்து தயாரானபோது அதை யாருடைய கோழிக்குப் போட்டுப் பார்ப்பதென்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சோதித்துத் தர ஆய்வுகூடம் இல்லை. ஏதாவது பிழையாகியிருந்தால் நோயை நானே வீடு வீடாகக் கொடுத்தவளாவேன். ட்றைவர் அண்ணை பதினொரு கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து இறக்கினார். கண்ணில் ஒவ்வொரு துளி விட்டு அலுவலகத்துக் கூட்டில் அடைத்தோம். மூன்றாம் நாள் அவருடைய மனைவி வந்து நின்றார்.

“டொக்டர், என்ரை கோழியள் நிறுத்து முடிஞ்சுதோ?”

“நிறுக்கிறதோ?”

“கந்தோரிலை கோழி நிறுக்கினமாம் எண்டுதானே இவர் கொண்டுவந்தவர்.”

கூட்டுக்குள் இரண்டு கோழிகள் தும்மின. நான் உண்மையைச் சொன்னேன். அந்த அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் ஜீப்பைப் பார்த்தார். “செத்தா நீங்களே வந்து எங்கடை பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ,” என்று மட்டும் அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தும்மல் நின்றது. மூன்று கிழமையில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கைத் தெருவுக்குள்ளும் நோய் வந்தது. பக்கத்து வளவுகளில் இறகு மட்டும் மிஞ்ச, அந்தப் பதினொன்றும் கொக்கரித்துக்கொண்டு திரிந்தன. அதன் பிறகு எங்களுக்கு ஓய்வில்லை. மட்டுவில், மீசாலை, வரணி என்று சைக்கிளில் போனோம். பெண்கள் தங்கள் கோழிகள் ஒன்பது நாள் அடைகாத்த முட்டைகளைத் தவிட்டுக்குள் புதைத்துக் கொண்டுவந்து தந்தார்கள்.

அப்படித் தந்தவர்களில், கணவன் காணாமற்போய் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண்ணும் இருந்தாள். அவளுடைய முட்டைகளில் மட்டும் எப்போதும் பாதிக்கு மேல் கரு இல்லை என்று ட்றைவர் அண்ணை குரல் கொடுப்பார். நானும் அப்படியே எழுதிக்கொள்வேன். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம், கண்ணாடியைக் கல்லில் சாய்த்துவிட்டு உள்ளே போய், ஒதுக்கிவைத்த முட்டையொன்றைத் துவாரத்தில் வைத்துப் பார்த்தேன். சிவந்த நாளங்கள். கறுத்த பொட்டு விலகி நீந்தியது. அடுத்ததிலும் அதேதான். எட்டு முட்டையிலும் உயிர் இருந்தது.

அவர் வாசலில் வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

“அந்தப் பிள்ளைக்கு அடையிருக்கிறது அந்த ஒரு கோழிதான், டொக்டர். நாங்கள் கேட்டா இல்லையெண்டு சொல்ல அவவுக்கு வாய் வராது. அதாலை நான் சொன்னனான்.”

“திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கிறீங்களோ?”

“ஓம். அண்டைக்கண்டைக்கே. கோழிக்குக் கீழை வைச்சிட்டுத்தான் வீட்டை போறனான்.”

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் சொல்வதை நம்பித்தான் நான் ஊசி பிடிக்கிறேன், ஒன்றில் பொய் சொன்னால் மற்றதில் எதை நம்புவது என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில், “ஒரு முட்டை ஒரு ஊருக்குக் காணும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?” என்றார்.  நோய் வென்றுவிடுமோ என்ற அவதியில் தேவைக்கு மேல் முட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் நான்தான். அன்றிலிருந்து ஒருவர் எத்தனை கொண்டுவந்தாலும் மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவரும் அதன் பிறகு ஒருநாளும் பொய் சொல்லவில்லை. “உசிர் இருக்கு, ஆனா இவர் வீட்டை போறார்,” என்று உள்ளேயிருந்து உரக்கச் சொல்வார். வெளியே காத்திருக்கும் பெண்களுக்கும் அது கேட்கும்.

பிறகு இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு ஒரே மழையில் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தது. நீர்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அலுவலக விறாந்தையில் தங்கியது. மற்ற அறைகளில் யார் யாரோ. ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டி அணைந்து, அடுத்த மருந்தைப் பெருக்க வைத்திருந்த எங்கள் விதைமருந்துக் குப்பிகள் சூட்டில் பழுதாகிப் போயின. எங்கள் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் களஞ்சியத்தில், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் நாங்கள் முட்டை வைக்கும் அடைபெட்டிக்குள் இருபத்துநாலு முட்டைகள் இருந்தன, ஊசி ஏற்றாதவை. திருப்பிக் கொடுக்கத் தெருவில் சைக்கிள் விட இடமில்லை. கோழிகளும் இதற்குள் அடையை விட்டு எழும்பியிருக்கும். “பெட்டி விளக்கை அணையுங்கோ அண்ணை, மண்ணெண்ணெய் சனத்துக்கு வேணும்,” என்றேன்.  அவர் விறாந்தைக்குப் போய் அந்தக் குடும்பத்தோடு ஏதோ கதைத்தார். சற்று நேரத்தில் ஒரு பெண் தன் குப்பி விளக்கிலிருந்து அடைபெட்டி விளக்குக்குள் கொஞ்சம் ஊற்றினாள். அடுத்த நாள் வேறொரு வீட்டார் ஊற்றினார்கள். வானம் மூடியே கிடந்தது. முட்டைகளைப் பார்க்க வெயிலில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லை. நாளுக்கு மூன்று தரம் திருப்பி வைப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதன் பிறகு நான் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனேன். பின்னர் இன்னும் பல இடங்கள். இப்போது நான் போய்வரும் ஆய்வுகூடத்தில் ஒரு தட்டு முட்டை விளக்கின் மேல் ஓடும். பார்த்து எண்ணுவது இயந்திரம். அது பிழை விடுவதில்லை. போன வருடம் ட்றைவர் அண்ணையின் மனைவி தொலைபேசியில் அழைத்து, அவர் நோய் வருத்தமொன்றுமில்லாமல் பகல் நித்திரையிலேயே போய்விட்டார் என்றார். கண் கடைசிவரை நன்றாகத் தெரிந்ததாம்.  நினைவுக்கு வந்தது அந்த மழைக்காலத்துக் காலை ஒன்றுதான்.

விறாந்தையிலிருந்த பெண்தான் முதலில் சத்தம் கேட்டு என்னைக் கூப்பிட்டாள். போனபோது களஞ்சிய வாசலில் சனம் கூடியிருந்தது. வீடு வாசல் விட்டு வந்த பிறகு அவர்கள் எதையும் இப்படி ஆவலாக எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. அடைபெட்டி மூடி திறந்திருந்தது. பதினேழு குஞ்சுகள். ஈரமாகவும் பாதி ஈரமாகவும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. ட்றைவர் அண்ணை பெட்டியின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். உள்ளங்கையில் ஒன்றை ஏந்தி, முகத்துக்குக் கிட்டப் பிடித்திருந்தார். அது அவரைப் பார்த்துக் கத்தியது.

“எத்தினை ஆயிரம் பார்த்திருப்பன், டொக்டர்,” என்றார்.  “இவை என்னைப் பார்க்கிறது இண்டைக்குத்தான்.”